விதையில் பூசிய மருந்து

2012-இல் பிரான்சில் மிக்காயல் ஆன்ரி குழுவினர் அறுநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தேனீக்களின் முதுகில் நுண்ணிய ரேடியோ வில்லைகளை ஒட்டினார்கள். அவற்றில் ஒரு பகுதிக்கு தயாமெத்தாக்சம் என்ற பூச்சிமருந்து துளியளவு கலந்த சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து, கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவு வரை கொண்டுபோய் விட்டார்கள். உடனே கொல்லும் அளவு மருந்தல்ல அது. ஆனாலும் பழகிய வழியில் விட்டபோது மருந்தின் காரணமாக சுமார் 10 சதவீதமும், பழகாத இடத்தில் விட்டபோது சுமார் 32 சதவீதமும் கூடு சேரவில்லை.

பூச்சிமருந்தின் தீங்கை அதுவரை பெரும்பாலும் செத்து விழுந்த தேனீக்களை எண்ணித்தான் அளந்தார்கள். வழி தவறிய தேனீ கூட்டு வாசலில் செத்துக் கிடப்பதில்லை. எனவே கணக்கிலும் வருவதில்லை. சூரியனின் நிலையையும் அடையாளங்களையும் நினைவில் வைத்து மேய்ச்சலுக்குப் போய்வரும் பூச்சி இது. தயாமெத்தாக்சம் போன்ற நியோனிகோட்டினாய்டு வகை மருந்துகள் தாக்குவது அந்த நினைவுக்கு வேண்டிய நரம்பு ஏற்பிகளைத்தான்.

இம்மருந்துகளை விதையிலேயே பூசி விதைக்கும் முறைக்கு நியாயம் இல்லாமலில்லை. தெளிப்பானைச் சுமந்து மருந்துப் புகையை மூச்சில் இழுக்க வேண்டாம். காற்றில் பரவுவதும் குறைவு. முளைவிடும் பயிருக்கு முதல் நாளிலிருந்தே காவல். ஆனால் பூசியதில் பெரும்பகுதி பயிருக்குள் போவதில்லை, மண்ணில் தங்குகிறது. போன சிறு பகுதியோ பூத்தேனிலும் மகரந்தத்திலும் வந்து நிற்கிறது. அதை நாவால் கண்டுகொள்ளத் தேனீயால் முடியவில்லை என்பதை 2015-இல் ஆய்வகச் சோதனைகள் காட்டின. மருந்து கலந்த கரைசலையே அவை கூடுதலாகக் குடித்தன.

அதே ஆண்டு சுவீடனில் ரேப்சீட் என்ற எண்ணெய்வித்துப் பயிரின் வயல்களில் நடந்த ஆய்வு இன்னொரு சிக்கலைக் காட்டியது. பூசிய விதை விதைத்த வயல்களின் அருகே பம்பிள் தேனீக் கூடுகளின் வளர்ச்சி குறைந்தது, தனித்து வாழும் தேனீக்கள் கூடு கட்டவில்லை. வளர்ப்புத் தேனீக் கூடுகளில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் வேலைக்காரிகளை வைத்திருக்கும் கூடு இழப்பைத் தாங்கிக்கொள்ளும். வளர்ப்புத் தேனீயை மட்டும் சோதித்துவிட்டு எல்லாத் தேனீக்களுக்கும் நற்சான்று தந்தது, என் பார்வையில், ஒப்புதல் முறையின் பெரிய ஓட்டை.

ஆன்ரியின் ஆய்வும் குறையற்றதல்ல. இப்படித் தேனீக்கள் திரும்பாவிட்டால் கூடே குலைந்துவிடும் என்ற அவரது கணிப்பு கூட்டின் வளர்ச்சி வேகத்தைக் குறைத்து மதிப்பிட்டது என்று எழுந்த விமர்சனத்தில் வலு உண்டு. அதற்காக, வழி தவறியது பொய்யாகிவிடாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இவ்வகையில் மூன்று மருந்துகளைக் கட்டுப்படுத்தி, 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டையே தடுத்தது. 2013 கட்டுப்பாட்டுக்குப் பின் பிரிட்டனில், ரேப்சீடைத் தின்னும் தத்துவண்டுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பல விவசாயிகள் ரேப்சீடையே கைவிட்டார்கள். மற்றவர்கள் பைரித்ராய்டு என்ற வேறு வகை மருந்தைத் தெளித்தார்கள், அதற்கு வண்டு ஏற்கெனவே பழகியிருந்தது. தடை சரி; மாற்று வழியைத் தராமல் விட்டது தவறு.

பூச்சி வருமா என்று பாராமலே மூட்டையிலேயே மருந்தைப் பூசி விற்பதுதான் இந்த முறையின் அடிப்படைக் கோளாறு. நம் ஊரிலும் பருத்தி விதைகள் பல இமிடாகுளோபிரிட் பூசித்தான் கடைக்கு வருகின்றன. பூசாத விதையைக் கேட்டு வாங்கும் வாய்ப்பு முதலில் விவசாயிக்கு வேண்டும்.