‘உதவி’ என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று வகைப் பணம்



இந்த முறை கவிதையோ நாவலோ எடுக்கவில்லை. தேர்வு முடிவு வந்த கையோடு நம் வாட்சாப் குழுக்களில் சுற்றத் தொடங்கும் கல்வி நிதியுதவி அறிவிப்புகளைத்தான் திறனாய்வுக்கு எடுத்திருக்கிறேன். குறிப்பாக, சமூகக் கல்லூரிக்கு, அதாவது நாம் வாயால் சொல்லும் ‘கொலேஜ் கொமுனிட்டி’க்குப் போகும் மாணவர்களை நோக்கி எழுதப்படும் அறிவிப்புகள். ‘இதெல்லாம் இலக்கியமா சார்?’ என்று கேட்கலாம். இலக்கியம் இல்லைதான். ஆனால் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவர் தன் வாழ்க்கையை ஒட்டி மிகுந்த கவனத்தோடு படிக்கும் முதல் தமிழ் உரைநடை பெரும்பாலும் இதுதான். அந்தத் தமிழ் தெளிவாக இல்லாவிட்டால் அதற்குத் தமிழாசிரியர்களாகிய நாமும் பதில் சொல்ல வேண்டும்.

லாயாங் லாயாங் போன்ற ஊரிலிருந்து இதைப் பார்க்கும்போது விஷயம் இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. குளுவாங் மாவட்டத்தில், ரயில் பாதையை ஒட்டி, செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சின்ன ஊர் இது. 2001இல் தொடங்கப்பட்ட சமூகக் கல்லூரிகளில் சேர எஸ்.பி.எம்.மில் ‘ஏ’க்களை அடுக்க வேண்டியதில்லை. கைத்தொழில் சார்ந்த சான்றிதழ்ப் படிப்புகள் அங்கே உண்டு. யு.பி.யு. இணையத்தளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். கட்டணமும் தனியார் கல்லூரி அளவுக்கு இல்லை. ஆனால் செகாமாட்டிலோ பாசிர் கூடாங்கிலோ இடம் கிடைத்தால் தினமும் வீட்டிலிருந்து போய் வருவது லேசில்லை. தங்குமிடம், சாப்பாடு, பயணம் ஆகியவைதான் உண்மையான செலவு. அதற்குத்தான் பிள்ளைகள் நிதியுதவியைத் தேடுகிறார்கள்.

அறிவிப்பின் அச்சு

பெரும்பாலான அறிவிப்புகள் எந்த அச்சில் வருகின்றன என்று காட்ட ஒரு மாதிரியை நானே எழுதிப் பார்க்கிறேன்:

‘நற்செய்தி! சமூகக் கல்லூரியில் பயிலும் மாணவர்களுக்குக் கல்வி நிதியுதவி! தகுதியுள்ளவர்கள் உடனே விண்ணப்பித்துப் பயன்பெறுவீர். அரிய வாய்ப்பைத் தவறவிடாதீர்!’

நீங்களும் இப்படி நூறு பார்த்திருப்பீர்கள். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. சந்திகூடச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்து முடித்த மாணவருக்கு என்ன தெரிகிறது? தகுதி என்றால் குடும்ப வருமானமா, தேர்ச்சியா, உறுப்பினர் குடும்பமாக இருப்பதா? ‘உடனே’ என்றால் எந்தத் தேதிக்குள்? பயன் என்றால் எவ்வளவு? எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, வேண்டாமா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு அறிவிப்பு பதில் சொல்லவில்லை. அதற்கு வசதியாக ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது: உதவி. நிதியுதவி, கல்வியுதவி, கடனுதவி என்று எதனோடும் அது ஒட்டிக்கொள்ளும். தலைப்பில் இடம் போதாவிட்டால் ‘கடன்’ உதிர்ந்துவிடும், ‘உதவி’ மட்டும் தங்கிவிடும்.

மலாய்மொழியில் உள்ள வேறுபாடு

மலாய் அறிவிப்புகளில் பியாசிஸ்வா, பந்துவான், பிஞ்சாமான் என்று வேறு வேறு சொற்கள் வருகின்றன. பியாசிஸ்வாவுக்கு நம்மிடம் ‘உபகாரச் சம்பளம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. பந்துவான் என்பது உதவி. பிஞ்சாமான் என்பது கடன். ‘பிஞ்சாமான் போலே உபா’ என்று இன்னொரு வகையும் உண்டு. வாங்கும்போது அது கடன், நன்றாகத் தேறினால் அதில் ஒரு பகுதியோ முழுவதுமோ உபகாரச் சம்பளமாக மாறும். ஆக, திருப்பித் தர வேண்டாத பணம், திருப்பித் தர வேண்டிய பணம், நிபந்தனையைப் பொறுத்து மாறும் பணம் என்று மூன்று வகை. மூன்றையும் தமிழில் ‘நிதியுதவி’ என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம்.

மலாயிலும் எல்லாம் தெளிவு என்று சொல்ல மாட்டேன். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பிடிபிடிஎன், முதலில் ‘பிஞ்சாமான்’ என்று சொன்னதைப் பின்னர் ‘பெம்பியாயான்’ என்று மாற்றிக்கொண்டது. ஆண்டுக்கு 1 விழுக்காடு ‘உஜ்ரா’ என்ற சேவைக் கட்டண முறை வந்ததை ஒட்டிய மாற்றம் அது. கணக்கு முறை மாறியது உண்மை. ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது மாறவில்லை. படிப்பு முடிந்த 12 மாதங்களுக்குப் பிறகு தவணை தொடங்கும். ‘பெம்பியாயான்’ என்ற சொல்லை மட்டும் பார்க்கும் பிள்ளைக்கு இது தெரியாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘முதல் வகுப்பில் தேறினால் பிடிபிடிஎன் கட்டத் தேவையில்லை’ என்று எல்லாரும் சொல்கிறோம். அந்த விலக்கு இளங்கலைப் பட்டப் படிப்பில் முதல் வகுப்பு எடுப்பவர்களுக்கு உரியது. சான்றிதழ், டிப்ளோமா மாணவர் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டால் ஏமாற்றம்தான். இதுவும் பாதி வாக்கியம் செய்யும் கேடு. ‘பட்டப் படிப்பில்’ என்ற ஒரு சொல் விடுபட்டதால் வந்த வினை.

மூடிய சொல்லால் யாருக்கு நட்டம்?

இரண்டு பக்கமும் நட்டம். ‘உதவி’ என்றதும் எல்லாம் இனாம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுபவர்கள் ஒரு பக்கம். மறு பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ‘எதுவா இருந்தாலும் கடைசியில கடன்தான்பா, வேணாம்’ என்று ஒதுங்குபவர்கள் அவர்கள். தோட்டக் குடும்பங்களில் இந்தப் பயம் காரணமில்லாமல் வரவில்லை. கங்காணி ஆள் சேர்த்த காலத்தில் வழிச்செலவுக்குக் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. கொடுத்தபோது உதவி, கணக்கு பார்த்தபோது கடன். 1938இல் அந்த ஆள் சேர்ப்பு நின்றது. எச்சரிக்கை மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது.

இப்படி ஒதுங்குபவர்கள் திருப்பித் தர வேண்டாத பணத்தையும் சேர்த்தே இழக்கிறார்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உயர்கல்வி அமைச்சு தரும் பி.கே.ஓ.கே.யு. நிதி கடன் அல்ல. சமூக நலத்துறையின் ஓ.கே.யு. அட்டை இருந்தால் சமூகக் கல்லூரி மாணவரும் கேட்கலாம். துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் தாத்தாவோ பாட்டியோ பங்கு வாங்கியிருக்கலாம். உறுப்பினர் குடும்பங்களுக்கு அங்கே என்ன கல்வி உதவி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஜொகூரில் யாயாசான் பெலாஜாரான் ஜொகூர் இருக்கிறது. அங்கே உபகாரச் சம்பளமும் உண்டு, கடனும் உண்டு. எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்று பார்த்து நிரப்ப வேண்டும். திறன் பயிற்சிக்குக் கடன் தரும் பி.டி.பி.கே. என்பது வேறு, பிடிபிடிஎன் என்பது வேறு. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே மாணவர் நலப் பிரிவில், ‘திருப்பித் தர வேண்டாத உதவி என்னென்ன இருக்கு?’ என்று இதே சொற்களில் கேளுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக வரும்.

வள்ளுவர் பிரித்துக் காட்டியது

நம் மொழியில் இந்த வேறுபாட்டைச் சொல்லச் சொல் இல்லையா? இருக்கிறது. ‘ஈகை’ அதிகாரத்தின் முதல் குறளிலேயே (221) வள்ளுவர் இதைப் பிரித்துவிட்டார். இல்லாதவருக்குக் கொடுப்பது மட்டுமே ஈகை. மற்றவை திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் கொடுப்பதைப் போன்றவை. அந்த இரண்டாம் வகைக்கு அவர் ‘குறியெதிர்ப்பை’ என்ற சொல்லை ஆள்கிறார். அளவு குறித்துக் கொடுத்து, அதே அளவில் திரும்பப் பெறுவது என்று பொருள். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் ‘கைமாத்து’. பக்கத்து வீட்டில் ஒரு டின் அரிசி கைமாத்து வாங்கிய பாட்டி அதை ‘உதவித்தொகை’ என்று நினைக்கவில்லை. இனாம், கைமாத்து, கடன் மூன்றும் அவருக்குத் தனித்தனியாகத் தெரியும். நம் அறிவிப்புகள்தான் பாட்டியைவிடக் குழம்பிப் போயிருக்கின்றன.

‘கடன் என்று வெளிப்படையாகப் போட்டால் யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள், அதனால்தான் கடனுதவி என்கிறோம்’ என்று சிலர் சொல்வதுண்டு. இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட மாட்டேன். 1 விழுக்காட்டில் கிடைக்கும் கல்விக் கடன் உண்மையிலேயே உதவிதான். அது இல்லாவிட்டால் படிப்பை விட்டிருக்கக்கூடிய பலர் இன்று வேலையில் இருக்கிறார்கள். ‘கடனுதவி’ என்ற சொல்லையே ஒழிக்க வேண்டும் என்பது என் வாதம் அல்ல. அதன் முதல் பாதியை மறைக்காதீர்கள் என்பதுதான். தமிழில் ‘கடன்’ வெட்கப்பட வேண்டிய சொல்லும் அல்ல. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என்று ஒவ்வொருவரின் கடமையையும் சொல்ல ஆள்வது இதே சொல்லைத்தான். வாங்கியவருக்குத் திருப்பித் தரும் கடன் இருப்பது போல, கொடுப்பவருக்கு முழுமையாகச் சொல்லிக் கொடுக்கும் கடன் இருக்கிறது.

மற்ற இடங்களில்

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘புதுமைப்பெண்’ திட்டத்தைப் பாருங்கள். பெயரைக் கேட்டால் பணத் திட்டம் என்றே தெரியாது. ஆனால் விளக்கம் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு, உயர்கல்வி முடியும் வரை, மாதம் 1,000 ரூபாய், நேராக வங்கிக் கணக்கில். யாருக்கு, எவ்வளவு, எதுவரை, எப்படி என்ற நான்குக்கும் பதில் இருக்கிறது. இலங்கையில் ‘மகாபொல புலமைப்பரிசில்’ என்கிறார்கள். ‘பரிசில்’ என்று இருப்பதால் திருப்பித் தருவதா என்ற சந்தேகமே வராது.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவில் நியூ அமெரிக்கா, யுஆஸ்பயர் என்ற இரு அமைப்புகள் கல்லூரிகள் மாணவர்களுக்கு அனுப்பும் நிதியுதவிக் கடிதங்களை ஆராய்ந்து 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஒரே வகைக் கூட்டரசுக் கடனை 455 கல்லூரிகள் 136 வெவ்வேறு பெயர்களில் குறிப்பிட்டிருந்தன. அவற்றில் 24 பெயர்களில் ‘கடன்’ என்ற சொல்லே இல்லை.

தேர்வுத் தாளுக்கும் இதே நோய்

மாணவர்களே, இப்போது உங்கள் பக்கம். வறுமை, கல்வி, இளைஞர் என்று எந்தத் தலைப்பு வந்தாலும் உங்கள் கட்டுரையில் ஒரு வாக்கியம் தவறாமல் வருகிறது: ‘அரசாங்கம் பல்வேறு நிதியுதவிகளை வழங்கி மாணவர்களின் உயர்கல்விக்குத் துணைபுரிகிறது.’ பிழையில்லை. ஆனால் எந்த நிதி, யாருக்கு, என்ன நிபந்தனையில் என்று எதுவும் இல்லை. நான் மேலே குறை சொன்ன அறிவிப்பும் இந்த வாக்கியமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இன்று இப்படி எழுதிப் பழகியவர்தான் நாளைக்குச் சங்கச் செயலாளராகி அப்படி அறிவிப்பு எழுதுவார். ‘பிடிபிடிஎன் போன்ற கடன் திட்டங்கள் சேர்க்கைக்கு வழி செய்கின்றன. ஆனால் வசதியற்ற குடும்பத்துக்குத் திருப்பித் தரத் தேவையற்ற உதவி கூடுதல் பயன் தரும்’ என்று எழுதிப் பாருங்கள். கருத்தும் விவாதமும் ஒன்றாக வந்துவிடும்.

வகுப்பில் செய்ய

ஆசிரியர்களே, ஒரு பாடவேளை போதும். குழுவில் வந்த உண்மையான அறிவிப்பு ஒன்றை எடுத்து, அனுப்பியவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிட்டு, மாணவர்களிடம் கொடுங்கள். ஐந்து கேள்விகளுக்குப் பதில் தேடச் சொல்லுங்கள்:

1. யாருக்கு?
2. எவ்வளவு, எத்தனை முறை?
3. திருப்பித் தர வேண்டுமா? ஆம் என்றால் எப்போது முதல்?
4. என்ன நிபந்தனை மீறினால் நிறுத்தப்படும்?
5. எந்தத் தேதிக்குள், என்னென்ன ஆவணங்களோடு?

பதில் கிடைக்காத கேள்விகளை விளக்கம் கேட்டு ஓர் அலுவல் கடிதமாக எழுதச் சொல்லலாம். பதில் கிடைத்தவற்றை வைத்து அறிவிப்பைத் திருத்தி எழுதச் சொல்லலாம். இரண்டும் தேர்வுக்கும் பயிற்சிதான். முடிந்தால் அந்தக் கடிதத்தை உண்மையாகவே அனுப்புங்கள்.

அறிவிப்பு எழுதும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘நற்செய்தி’ என்று தொடங்குவதில் எனக்கு வருத்தமில்லை. அடுத்த வரியிலேயே ‘இது கடன்’ அல்லது ‘இதைத் திருப்பித் தர வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி போதும், ஒரு வீட்டில் அப்பாவும் அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்து ஒழுங்காக முடிவெடுக்க.