கருவி ஏந்திய கரம்

1896ஆம் ஆண்டு. அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டன் நகரில் ஒரு புகைப்பட நிலையம். கணப்படுப்பின் முன்னே ஒரு மாது கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறார். பாவாடை முழங்கால்வரை ஏறியிருக்கிறது. ஒரு கையிலே சிகரெட்டு. மற்றொரு கையிலே பீர்க் குவளை. தலையிலே ஆடவர் அணியும் தொப்பி. அடுப்பு மாடத்தின் மேலே ஆடவர் படங்கள் அணிவகுத்து நிற்கின்றன.

'அடக்கமற்றவள்!' என்று அன்றைய சனாதனிகள் அலறியிருப்பர். அலறட்டும். படத்திலே இருப்பவர் யாரோ, படத்தை எடுத்தவரும் அவரேதான். பெயர், பிரான்செஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன். ஆடவன் விரும்பியபடி உட்கார்வதுதான் பெண்ணின் வேலை என்றிருந்த உலகில், தான் விரும்பியபடி உட்கார்ந்து, தானே படம் பிடித்து, அதையே தொழிலாகவும் கொண்டு வாழ்ந்தவர் அவர். அவருடைய படங்களைப் புகழ்ந்து பேச ஆட்கள் பலர் உண்டு. நாம் புகழ்வதோடு நில்லாமல், எடைபோட்டும் பார்ப்போம்.

1864இல் பிறந்த ஜான்ஸ்டன், பாரிசில் ஓவியம் பயின்றார். நாடு திரும்பியபின், தூரிகையைவிடப் புகைப்படக் கருவியே தம் காலத்துக்குரியது எனக் கண்டார். ஈஸ்ட்மன் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஈஸ்ட்மனிடமிருந்து கருவி கிடைத்தது. ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையின் புகைப்பட வல்லுநர் தாமஸ் ஸ்மைலியிடம் தொழில் கற்றார். 1890களின் நடுவில் சொந்த நிலையம் திறந்தார். குடியரசுத் தலைவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அவர் கருவிக்கு முன் அமர்ந்தனர். சுரங்கத் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். தந்தை அரசாங்க அலுவலர், தாய் பத்திரிகைக்கு எழுதியவர். ஆகவே பெரிய இடத்துக் கதவுகள் அவருக்கு எளிதில் திறந்தன. இதை மறைத்துவிட்டுத் 'தன்னந்தனியாகப் போராடினார்' என்று புராணம் பாடுவது நமக்கு அழகன்று. ஆனால், திறந்த கதவின் வழியே சென்ற செல்வக் குமரிகள் எத்தனையோ பேர், நல்ல மாப்பிள்ளையோடு திரும்பினர்; இவர் திரும்பியதோ தொழிலோடு! மணம் புரியாமலே 88 ஆண்டுகள் வாழ்ந்து, 1952இல் மறைந்தார்.

1897இல் மாதர் இதழ் ஒன்றிலே, கருவிகொண்டு பெண் என்ன செய்ய முடியும் என்பது பற்றி அவர் ஒரு கட்டுரை தீட்டினார். பெண்ணின் மென்மை, தாய்மையின் மேன்மை என்று பசப்பாமல், பயிற்சி வேண்டும், ஓரளவு முதல் வேண்டும், பொறுமையும் கடும் உழைப்பும் வேண்டும், நல்ல வேலைக்கு நல்ல விலை கேள் என்று கூறினார். 'கலைக்கு விலையா?' என்று கேட்போர் உண்டு. பெண் செய்யும் வேலைக்குக் கூலி கேட்டால் மட்டும் கலையின் தூய்மை நினைவுக்கு வருவானேன்? சமையலறையில் அவள் செய்த வேலைக்கு விலை இல்லாமற் போனதால்தானே அவள் அடிமையானாள்? அந்தக் கட்டுரையை, சிகரெட்டுப் படத்தைவிடப் பெரிய புரட்சி என்போம். படம் விடுதலையை நடித்துக் காட்டியது. கட்டுரை, விடுதலைக்குக் கணக்கெழுதிக் காட்டியது.

இனி, அவர் புகழின் உச்சிக்கு வருவோம். வர்ஜீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் என்றொரு கல்விக்கூடம். அடிமைத்தளை நீங்கிய கறுப்பு மக்களுக்காக 1868இல் தொடங்கப்பெற்றது. பின்னர் அமெரிக்கப் பழங்குடி மாணவரும் சேர்ந்தனர். 1900ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சிக்காக அந்தக் கூடத்தைப் படமெடுக்க ஜான்ஸ்டன் அழைக்கப்பட்டார். 1899 டிசம்பரில் பணி தொடங்கிற்று. படங்கள் பாரிசிலே பரிசும் பெற்றன.

ஒரு படம்: மாணவர் சிலர் மாடிப்படி கட்டுகின்றனர். ஒருவன் அளக்கிறான், ஒருவன் இழைக்கிறான், ஒருவன் பொருத்துகிறான். ஒருவர் நிழல் ஒருவர்மேல் விழவில்லை. ஒவ்வொருவனும் தனித்தனிச் சிலை. பார்த்த கண் பெயராத அழகு! ஆனால் வியர்வை எங்கே? சிரிப்பு எங்கே? படி கட்டப்படுவதோ கல்விக்கூடப் பொருளாளரின் வீட்டுக்கு, கட்டுவோர் மாணவர். படியை அமைத்தவன் அதிலே ஏறப்போகிறானா என்று அந்தப் படம் கேட்கவில்லை. நாம் கேட்கிறோம்.

மற்றொரு படம்: வரலாற்று வகுப்பு. பழங்குடியினர் ஒருவர் தம் மரபுடையிலே மேடைமீது நிற்கிறார். சீருடை அணிந்த மாணவர் அவரை நோக்குகின்றனர். மாணவருள்ளும் பழங்குடியினர் உண்டு! தம் இனத்தானையே காட்சிப்பொருளாகக் காணக் கற்பிப்பது எத்தகைய கல்வி? கரும்பலகை முன் நின்று பிழைக்கும் நாம், இந்தப் படத்தைக் கண்டு கூசாமல் இருக்க முடியவில்லை. மாணவன் கேள்வி கேட்கும் நேரத்தில் வகுப்பறையில் ஒலி எழும், உடல் அசையும். ஜான்ஸ்டனின் வகுப்பறைகளில் அசைவே இல்லை. கண்ணாடித் தகட்டிலே படம் பதிய அசையாதிருத்தல் வேண்டும் என்பது உண்மை. ஆயினும் அந்த அசையாமை, அழைத்தவர்களுக்கும் வசதியாக இருந்தது. 'பாருங்கள், எவ்வளவு ஒழுங்கு! நன்கொடை தாருங்கள்!' என்று வெள்ளைச் செல்வரிடம் சொல்வதற்கு அது உதவிற்று.

அதே கண்காட்சியில், அறிஞர் டூபாய்ஸ் திரட்டிய ஜார்ஜியா மாநிலப் படங்களும் இருந்தன. அவற்றுட் பல, அட்லாண்டாவிலே நிலையம் நடத்திய தாமஸ் ஆஸ்கியூ என்ற கறுப்பர் எடுத்தவை. அங்கே கறுப்பு மக்கள் சீர்திருத்தப்படவில்லை. மனிதராக அமர்ந்திருக்கிறார்கள், தம் உடையிலே, தம் பார்வையிலே. ஜான்ஸ்டன் தமக்குத்தாமே 1896இல் வழங்கிக்கொண்ட உரிமை அது. அதை ஹாம்ப்டன் மாணவருக்கு அவர் வழங்கவில்லை.

இதனால் அவரை இனவெறியர் என்று தள்ளிவிடலாமா? கூடாது. 1902இல் அலபாமாவின் ரேமர் என்னும் சிற்றூருக்கு, கறுப்பர் பள்ளியைப் படமெடுக்கச் சென்றார். வெள்ளை மாது ஒருத்தி, கறுப்பு ஆசிரியரோடு இரவிலே வண்டியில் வந்தாளே என்று வெள்ளையர் வெகுண்டனர், துப்பாக்கி வெடித்தது, அந்த ஆசிரியர் உயிர் தப்பி ஓட நேர்ந்தது. அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அப்போது உடன் இருந்தார். ஜான்ஸ்டனின் துணிவை அவர் பாராட்டினார். துணிவு இருந்தது, ஐயமில்லை. எனினும் எண்ணிப் பாருங்கள்: ஊரைவிட்டு ஓடவேண்டியவர் ஆனவர் யார்? படம் பிடிக்க வந்தவரா, பாடம் சொல்லித் தந்தவரா?

ஆகவே நம் தீர்ப்பு இது. கருவி ஒரு பெண்ணின் கைக்கு வந்தது வெற்றிதான். சோறு தந்தது, சுயமரியாதை தந்தது. ஆனால் கருவியைப் பிடித்த கை விடுதலை பெற்றதாலேயே, கருவியின் முன் நிற்பவனும் விடுதலை பெற்றுவிடுவதில்லை. படத்தை யார் எடுத்தார் என்று மட்டும் கேட்பது பாதி விமர்சனம். யார் பணத்தில், யாருக்குக் காட்ட, யாரை அசையாமல் நிறுத்தி எடுத்தார் என்று கேட்பதே முழு விமர்சனம்.

இளைஞர்களே! ஜான்ஸ்டனின் கட்டுரையை உங்கள் தங்கையரிடம் எடுத்துக் கூறுங்கள். தொழில் கற்கட்டும், கூலி கேட்கட்டும். ஹாம்ப்டன் படங்களை நீங்கள் கூர்ந்து பாருங்கள். அழகு கண்ணை மயக்கும் இடத்திலேதான் அறிவு விழித்திருக்க வேண்டும்.