கொன்றைக் காலத்துக் கல்லார்

விஷு நெருங்கினால் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் கொன்றைப்பூக் கொத்துக்கள் குவியும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த சந்தை இது. விஷுக்கணிக்கு வாங்கிய கொத்து மறுநாளே வாடிவிடும். இலையுதிர்த்த கிளையில் சரம்சரமாகத் தொங்கும் கொன்றையைப் பார்க்க மரத்தடிக்கே போகவேண்டும்.

அதற்குப் பொன்முடிச் சாலையில் கல்லார் வரை பஸ் ஏறினால் போதும். அங்கிருந்து மீன்முட்டி அருவிக்குக் காட்டுப் பாதை. தொடக்கத்தில் ஆற்றோரமாக ஏறத்தாழச் சமதளம். பாறையும் வேருமான ஏற்றம் அருவியை நெருங்கும்போதுதான். அவசரமில்லாதவர்களுக்கு ஏற்ற நடை.

மார்ச், ஏப்ரலில் இந்த மலைக்காடுகளில் முதலில் கண்ணில் படுவது பூவல்ல, தளிர். நாகப்பூ மரம் செக்கச்செவேலென்று துளிர்க்கும். தூரத்தில் பார்த்தால் மரமே பூத்ததாகத் தோன்றும். அதன் உண்மையான பூ வெள்ளை: நான்கு இதழ், நடுவே மஞ்சள் மகரந்தத் திரள், நல்ல மணம். அசோகின் வேடிக்கை வேறு. அதற்கு இதழே கிடையாது. நாம் இதழென்று நினைப்பது நிறமேறிய புல்லிவட்டம். மஞ்சளாக விரிந்து, ஆரஞ்சாகிச் சிவக்கும். அதனால் ஒரே கொத்தில் மூன்று நிறம். கிளைநுனிக்குக் காத்திராமல் முதிர்ந்த கிளையிலும் தண்டிலும்கூடப் பூக்கும்.

ஆகவே அண்ணாந்து மட்டும் நடக்காதீர்கள். அடிமரத்தையும் பாருங்கள், உதிர்ந்ததைக் குனிந்து எடுத்து முகர்ந்து பாருங்கள். பறிக்க வேண்டாம், விலைக்கு வேண்டுமென்றால் சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும்.