‘அந்த நாள்’ திரைப்படமும் அதன் வீட்டுப் பிரதிகளும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் எவரும் ‘அந்த நாள்’ என்னும் பெயரை விட்டுவைப்பதில்லை. பாட்டே இல்லாது வெளிவந்த முதல் தமிழ்ப் படம் என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்பாற் செல்வர். பெயர் இவ்வாறு நிலைத்திருக்கப் படம் மட்டும் மறக்கப்பட்டுவிட்டது. அதனைச் செவ்வையான பிரதியிற் கண்டோர் மாத்தளையில் மட்டுமன்று, எங்குமே மிகச் சிலர்தான். ஏனையோர் கண்டது தேய்ந்த சுருளிலிருந்து இறுவட்டுக்கு மாற்றப்பட்ட அதன் சாயலையே.

1954 ஏப்ரலில் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட இப்படத்தின் கதையும் இயக்கமும் எஸ். பாலசந்தருடையவை, வசனம் ஜாவர் சீதாராமன் எழுதியது. வீணை வித்துவானாக உலகறிந்த பாலசந்தர் தம் படத்தில் ஒரு பாட்டுக்கேனும் இடங்கொடாமை வியப்புக்குரியது. சங்கீதம் அறிந்தவர்க்கே மௌனத்தின் மதிப்புத் தெரியும் போலும்! 1943 ஒக்டோபரில் யப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசிய காலத்தை ஒட்டிக் கதை அமைகின்றது. அதற்கு ஓராண்டின் முன்னர், 1942 ஏப்ரலில், கொழும்பும் திருகோணமலையும் அனுபவித்த அச்சத்தைக் கேட்டறிந்த எமக்கு அச்சூழல் அந்நியமானதன்று.

வானொலிப் பொறியியலாளன் ராஜன் சுடப்பட்டு வீழ்கிறான். சிவாஜி கணேசன் அப்பாத்திரத்தை ஏற்றுள்ளார். அயல்வீட்டார், தம்பி, தம்பியின் மனைவி, நாட்டியக்காரி, மனைவி உஷா என ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகின்றனர்; ஒவ்வொருவர் வாயிலாகவும் வேறொரு ராஜன் தோன்றுகின்றான். குரோசவாவின் ‘ரஷோமொன்’ (1950) இவ்வமைப்புக்கு வித்திட்டது என்பர். அது மெய்யே, எனினும் ‘ரஷோமொன்’ உண்மையை எட்டாமலே முடிய, ‘அந்த நாள்’ உண்மையை எட்டியே தீர்கின்றது. ராஜன் பகைவர்க்கு இரகசியம் விற்றவன். உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவனை வீழ்த்தியது. ஆகவே இதனைத் தழுவலென்று தள்ளிவிடல் பொருந்தாது. குறையில்லாத படமென்றும் யான் கூறேன். வசனம் சிலவிடத்து அளவுக்கு மிஞ்சி நீள்கின்றது. தேசபக்தி பற்றிய உரைகள் மேடைப்பேச்சின் வாடை வீசுகின்றன.

இப்படத்தில் இருள் அலங்காரமன்று. மாருதிராவின் ஒளிப்பதிவில் ஒரு முகத்தின் பாதி நிழலுள் மறைந்திருக்குமாயின், சொல்பவர் எதனை மறைக்கின்றார் என்னும் ஐயம் அந்நிழலிலேதான் பிறக்கின்றது. பாட்டு இல்லாமையால் வசனத்தின் இடையே வரும் மௌனமும் சாட்சி சொல்கின்றது. நிழலையும் மௌனத்தையும் கெடுக்கும் பிரதி படத்தின் அழகை மாத்திரம் கெடுப்பதன்று. வழக்கின் சான்றையே அழிப்பதாகும்.

வீட்டுப் பிரதிகளிற் காணப்படும் குறைகள் பல. சாம்பல் நிறத்தின் நுண்ணிய படிகள் மறைந்து, கறுப்பும் வெள்ளையுமே எஞ்சுகின்றன. ஏறத்தாழ நாலுக்கு மூன்று என்னும் பழைய சட்டகத்தை இக்காலத்து அகன்ற திரைக்குப் பொருத்தும்பொருட்டு மேலும் கீழும் வெட்டிவிடுவோர், படத்தின் உயரத்தில் நாலிலொரு பங்கைக் களைகின்றனர். செக்கனுக்கு இருபத்துநான்கு சட்டகமாக எடுக்கப்பட்டதை எமது நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கேற்ப இருபத்தைந்தாக ஓட்டினால், நூற்றுக்கு நான்கு வீதம் நேரங் குறைகின்றது. சீர்செய்யாவிடிற் குரலும் மேலெழுகின்றது. இவை போதாவென்று மூலையிலே வியாபார முத்திரை வேறு! கொலையுண்டவனின் முகத்துக்கருகே அது மினுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு பொறுப்பது எளிதன்று.

அண்மையில் மாணவர் சிலருடனிருந்து இப்படத்தைக் கண்டேன். ஒரு காட்சியில் நிற்பவர் எவரெனத் தெரியவில்லை. “அந்தக் காலத்துக் கமரா அவ்வளவுதானே, சேர்” என்றான் ஒருவன். பிரதி செய்தவர் பிழை படம் எடுத்தவர் தலையில் விழுந்தது. முதல் வெளியீட்டில் வசூல் காணாத படத்துக்கு இது இரண்டாவது தண்டனை.

மிகையாகத் துலக்குவதும் மீட்டெடுப்பு ஆகாது. படச்சுருளின் இயல்பான மணித்தன்மையைக் கணினியால் துடைத்துவிட்டால் மாந்தர் மெழுகுப் பொம்மைகளாகின்றனர். இரைச்சலை அடியோடு நீக்கினால் மூச்சொலியும் உடன் போகின்றது. வர்ணந் தீட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

செவ்வையாகச் செய்ய இயலும் என்பதற்குச் சான்றுண்டு. ‘ஊமன் ஆன் த ரன்’ (1950) என்னும் அமெரிக்கக் குற்றப்படத்தின் பிரதி 2008இல் யூனிவர்சல் ஸ்ரூடியோத் தீயில் அழிந்தது. அப்படம் தொலைந்ததென்றே கருதினர். பின்னர் பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் காப்பகத்திலிருந்த மூலப்பொருளைக் கொண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழகக் காப்பகத்தார் அதனை மீட்டனர். 2016இல் அது வீட்டு இறுவட்டாகவும் வந்தது. எமது நாட்டிலும் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’ (1972) உண்டு. புதையலுக்காக மனைவியைப் பலியிடுபவனின் கதை அது, எம்.எஸ். ஆனந்தனின் கறுப்புவெள்ளை ஒளிப்பதிவு. மீட்டெடுக்கப்பட்ட அப்படம் 2013இல் வெனிஸ் விழாவிலே திரையேறிற்று.

ஆயின் எல்லாப் படத்துக்கும் அப்பேறு வாய்த்திலது. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் நெகட்டிவ் சுருள்களும் உடனெரிந்தன. அத்தகைய படங்களுக்குப் படமாளிகையிலோ வீட்டிலோ எஞ்சிய பழம்பிரதியே இனி மூலமாகக்கூடும். மாத்தளையிலும் அயற்றோட்டங்களிலும் பழைய வீடியோ நாடாக்களை வைத்திருப்போர் உளர். பூசணம் பிடித்ததென்று அவற்றை வீசுமுன், எந்தப் படம், எத்தனை நிமிடம், எங்கே வெட்டுண்டது என்பவற்றையேனும் குறித்துவைக்கலாம். அவ்வேலைக்கு எமது மாணவர் போதும்.