புழுவுக்கும் ஈரப்பதம் பார்க்கணும்

பிளாக் சோல்ஜர் ஃப்ளை பற்றித் தமிழில் வந்திருக்கும் வீடியோக்களை ஒரு வாரமாக உட்கார்ந்து பார்த்தேன். கல்யாண மண்டபத்தில் மீந்த சாப்பாட்டைக் கொட்டினால் இரண்டு வாரத்தில் புழு. புழு கோழிக்கும் மீனுக்கும் தீவனம். மிச்சம் வயலுக்கு உரம். இதில் பொய் எதுவும் இல்லை. வளர்ந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து மொய்க்காது. முற்றிய புழு உலர்ந்த இடம் தேடித் தானாகவே சரிவில் ஏறி வெளியே வந்து விழும். அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எனக்குச் சண்டை கணக்கோடுதான். புழுவில் 40 சதவீதம் புரதம், அதனால் ஒரு கிலோவுக்கு 400 கிராம் என்கிறார்கள். அந்த 40 காய்ந்த புழுவுக்கு. உயிரோடு நெளிகிற புழுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். உலர்பொருள் 350 கிராம் என்று வைத்தாலும் புரதம் 140 கிராம்தான். எங்கள் தொழிலில் இது யூனிட் பிழை: புரோகிராம் ஓடும், விடை தப்பு.

வேறு ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் பரவாயில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல் தேங்கி நிற்கிற ஊர் நம்முடையது. 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் சின்ன ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, மழையில் நனைந்த குறுவை நெல்லோடு மல்லுக்கட்டி வளர்ந்ததுதான் இன்றைய தஞ்சாவூர் நிஃப்டெம். ஐப்பசியில் நெல்லையே காயவைக்க முடியாத இடத்தில் புழுவை எதை வைத்துக் காயவைப்பது? விறகா, கரண்டா?

இன்னொன்று தவிடு. சாம்பாரும் ரசமும் கலந்த கழிவு கொழகொழவென்று இருந்தால் புழு மூச்சுமுட்டிச் சாகும், நாறும். ஈரத்தை இழுக்கத் தவிடு சேர்க்கச் சொல்கிறார்கள். தவிடே தீவனம்தானே! நான் பார்த்த எதிலும் அது செலவுக் கணக்கில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியமே 2021-ல் கோழித் தீவனத்துக்கு அனுமதித்துவிட்டது என்று சொல்பவர்கள், அங்கே சமையலறைக் கழிவில் புழு வளர்க்கத் தடை இருப்பதைச் சொல்வதில்லை.

எங்கள் அப்பாயி பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணியும் போட்டு, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுப் பக்கத்தில் கவிழ்த்து வைக்கும். விடிந்தால் பானை நிறையக் கரையான். குஞ்சுகளுக்கு அப்படியே உதறிவிடும். காயவைக்கிற வேலையே கிடையாது. வீட்டுக் காய்கறிக் கழிவில் இந்தப் புழுவை வளர்த்து, கொல்லையில் மேய்கிற பத்துக் கோழிக்கு உயிரோடு போடுவதானால் நான் முழு ஆதரவு. மண்டபக் கணக்கில் யாராவது திட்ட அறிக்கை நீட்டினால், உலர்த்தும் செலவு எந்த வரியில் இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன்.