கழுத்தில் தொங்குகிற அட்டை

கல்லூரி அடையாள அட்டையை ஒரு பிரதி மாதிரி வாசித்துப் பார்த்தால் என்ன என்று கொஞ்ச நாளாக ஒரு யோசனை. வலங்கைமான் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிப் பார்த்த அட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. முன்பக்கம் கல்லூரிப் பெயர் கொட்டை எழுத்தில், போட்டோ, பாடப்பிரிவு, பதிவு எண். பின்பக்கம் அப்பா பெயர், வீட்டு முகவரி, செல்போன் நம்பர், ரத்த வகை, முதல்வர் கையெழுத்து.

ரத்த வகையோடு எனக்குச் சண்டை இல்லை. (அட்டையைப் பார்த்து எந்த ஆஸ்பத்திரியிலும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள், மறுபடி சோதித்துத்தான் ஏற்றுவார்கள் என்பது வேறு விஷயம்.) ஆனால் கும்பகோணத்துக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பெண்ணின் முகவரியும் போன் நம்பரும் அவள் கழுத்திலேயே ஆடிக்கொண்டிருக்கணுமா? காற்றில் அட்டை திரும்பினால் பக்கத்தில் நிற்கிறவன் படித்துவிடலாம். தொலைந்தால் திருப்பித் தர முகவரி வேண்டாமா என்பார்கள். கல்லூரி முகவரி போதுமே.

அட்டையைச் செய்தவர்கள் மனசில் இருந்தது கல்லூரி வாசலும் வாட்ச்மேனும். மாணவனுக்கு அது பிரயோஜனப்படுவதோ வாசலுக்கு வெளியேதான். முன்பதிவு செய்த ரயில் பயணத்தில் போட்டோ உள்ள கல்லூரி அட்டை செல்லும். அதைவிட முக்கியம் பஸ். அரசு கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அரசு பஸ்ஸில் இலவச பாஸ் உண்டு. புது பாஸ் வரத் தாமதமாகும் என்பதால், கல்வியாண்டுத் தொடக்கத்தில் அரசுத் தரப்பிலிருந்து ஓர் அறிவிப்பு வரும்: பழைய பாஸையோ கல்லூரி அடையாள அட்டையையோ காட்டினால் போதும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதலாம் ஆண்டுப் பையனிடம் ரெண்டுமே இருக்காது. அவனுடைய பழைய பாஸ் பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோனது. அட்டை அச்சாகி வருவதற்குள் பல கல்லூரிகளில் பாதி செமஸ்டர் ஓடிவிடுகிறது.

பெண்களுக்கு 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசு கிடையாது. ஆகவே இந்த இடைவெளியில் மாட்டுகிறவன் பையன்தான், அதிலும் அப்பாவோ அம்மாவோ நடவுக்கும் வெடிப் பட்டறைக்கும் கூலிக்குப் போகிற வீட்டுப் பையன். கையில் கட்டண ரசீது இருக்கும், அதில் போட்டோ இருக்காது. கண்டக்டர் நல்ல மனுஷனா இருந்தா சரி. இல்லைன்னா தினம் ரெண்டு டிக்கெட், போக ஒன்று, வர ஒன்று. 1854இலிருந்து வரலாறு சொல்கிற கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்த பெருமையெல்லாம் அந்தச் சில்லறைக்கு முன்னால் நிற்காது.

ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா 'ஹபிதா' என்று ஓர் ஆணை பிறப்பித்தார். படிப்புக்காக ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கு வழியில் பாதுகாப்புக் கொடுத்த ஆணை அது. மாணவன் என்ற அந்தஸ்துக்குச் சட்டத்தில் கிடைத்த பழைய மரியாதைகளில் ஒன்று, வழிப்பயணத்துக்கானது. நம்முடைய அட்டை வழியை மறந்துவிட்டு வாசலை மட்டும் பார்க்கிறது.

2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த 12 இலக்க 'அபார்' எண்ணும் இதற்கு உதவாது. மதிப்பெண்ணையும் கிரெடிட்டையும் சேர்த்து வைக்க அது சரி, கண்டக்டரிடம் காட்ட முடியாது.

சேர்க்கை நாளன்றே ரசீதில் போட்டோ ஒட்டி, மேலே முத்திரை குத்தி, 'அட்டை வரும்வரை செல்லும்' என்று எழுதிக் கொடுத்துவிடலாம். போக்குவரத்துக் கழகமும் தன் அறிவிப்பில் அந்த ரசீதை ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும்.