கமிசார் உத்தரவும் தளபதிகளின் தற்காப்பும்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜெர்மன் தளபதிகள் பலர் நீதிமன்றத்திலும் நினைவுக்குறிப்புகளிலும் ஒரே பாடத்தைச் சொன்னார்கள். கொடுமைகளைச் செய்தவை நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படைகள்; முறையான ராணுவமான வெர்மாக்ட் கண்ணியமாகப் போரிட்டது; சட்டவிரோத உத்தரவுகளைக் கிடப்பில் போட்டது. இந்த வாதத்தை உரசிப் பார்க்க 1941 ஜூன் 6 அன்று பிறந்த கமிசார் உத்தரவே சரியான உரைகல்.

சோவியத் படையில் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் இருந்த அரசியல் கமிசார்கள் பிடிபட்டால் அவர்களைப் போர்க்கைதிகளாக ஏற்காமல் சுட்டுவிட வேண்டும் என்றது அந்த உத்தரவு. அது உயர் தளபதிகளுக்கு மட்டுமே எழுத்தில் போனது. அவர்களுக்குக் கீழே வாய்மொழியாகவே இறங்கியது.

இது குற்றம் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். சரணடைந்தவரைக் கொல்லக் கூடாது என்பது 1907 ஹேக் விதி. அதையே ஜெர்மன் சிப்பாய் தன் சம்பளப் புத்தகத்தில் ஒட்டப்பட்ட பத்துக் கட்டளைகளிலும் படித்தான். குற்றம் என்று அறிந்தே மேலிடத்து உத்தரவை நிறைவேற்றுபவனும் தண்டனைக்குரியவன் என்றது ஜெர்மன் ராணுவத் தண்டனைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. இவற்றைவிட வலுவான சான்று தலைமைத் தளபதி பிராவுகிட்ச் சேர்த்த துணைக்குறிப்பு: சுடுவதைப் போர்க்களத்துக்கு வெளியே, பிறர் கவனத்துக்கு வராமல் செய்ய வேண்டுமாம். நியாயமான தண்டனை என்று நம்பியிருந்தால் அதை ஏன் மறைக்க வேண்டும்?

சோவியத் ஒன்றியம் 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் சேரவில்லை என்பது அவர்களின் அடுத்த வாதம். இதற்கான மறுப்பு ராணுவத்துக்குள்ளிருந்தே வந்தது. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் பொதுவான சர்வதேசச் சட்டம் கைதிகளைக் காக்கிறது என்று உளவுத் துறைத் தலைவர் கனாரிஸ் 1941 செப்டம்பரில் எழுதினார். இது பழைய வீரமரபின் கவலை, இங்கே நடப்பது ஓர் உலகப் பார்வையை அழிக்கும் போர் என்று குறிப்பெழுதி வெர்மாக்ட் உயர் கட்டளையகத் தலைவர் கைட்டல் அதைத் தள்ளினார். சட்டம் அவர் மேசைக்கே வந்தது, படித்துவிட்டுத்தான் ஒதுக்கினார்.

நிறைவேற்றினார்களா என்பதே மையக் கேள்வி. வரலாற்றாசிரியர் ஃபெலிக்ஸ் ரோமர் படைகளின் அன்றாட அறிக்கைகளைத் துருவி 2008-இல் நூல் வெளியிட்டார். கிழக்கு முனையின் டிவிஷன்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை உத்தரவைச் செயல்படுத்தியதற்குச் சான்று கிடைத்தது. மேலிடத்தைத் திருப்திப்படுத்த எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னவர்கள் இருக்கலாம். கமிசாரைக் கண்டும் காணாமல் விட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் தப்பவிட முடிந்தது என்பதே, மற்றவர்களுக்கு வேறு வழியில்லை என்ற வாதத்தைத் தகர்த்துவிடுகிறது.

அந்த வாதத்தை முற்றாக வீழ்த்துவது உத்தரவின் முடிவு. சுடப்படுவோம் என்று அறிந்த கமிசார்கள் பலர் கடைசிக் குண்டுவரை போரிட்டார்கள். அவர்களோடு நின்ற சிப்பாய்கள் பலரும் சரணடையத் தயங்கினார்கள். ஜெர்மன் உயிரிழப்பு கூடியது. முன்னணித் தளபதிகள் மேலே முறையிட்டார்கள். ஹிட்லர் 1941 செப்டம்பரில் மறுத்தார். 1942 மே மாதம் உத்தரவை நிறுத்திவைத்தார். ஆக, வாய் திறக்க அவர்களுக்கு வழி இருந்தது. முறையிட்டதற்காக யாரும் சுவரோரம் நிறுத்தப்படவில்லை. ஆனால் அந்த முறையீடுகளில் மேலோங்கி நின்றது உத்தரவால் தங்களுக்கு நேர்ந்த நட்டமே. அது குற்றம் என்பது பின்னுக்குப் போயிற்று.

1948-இல் நூரம்பர்க்கில் நடந்த உயர் தளபதிகள் வழக்கில் நீதிமன்றம் மேலிடத்து உத்தரவைக் கேடயமாக ஏற்கவில்லை. அது சரியே. ஆனால் கமிசார் உத்தரவை எதிர்த்துப் பிராவுகிட்சிடம் பேசினார் என்பதால் ஃபீல்ட் மார்ஷல் லேபை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவருக்குக் கீழிருந்த படைகளில் உத்தரவு தொடர்ந்து அமலானபோது, மூடிய அறையில் சொன்ன ஆட்சேபத்துக்கு இவ்வளவு மதிப்புத் தந்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

வெர்மாக்ட் குற்ற உத்தரவை அறியாமல் ஏற்கவில்லை. அச்சத்தால் மட்டும் ஏற்றதாகவும் சொல்ல முடியாது. சட்டத்தை அறிந்து, லாப நட்டம் பார்த்து, லாபம் என்று எண்ணியவரை நிறைவேற்றியது. விதிவிலக்கான சிலரின் நேர்மை அவர்களுக்குரியது. அதைக் காட்டி அந்த நிறுவனம் நற்சான்று பெற முடியாது.